விழாவும் கமராவும்: மெக்சிக்கோப் புகைப்படங்கள் பற்றி ஒரு நோக்கு

மெக்சிக்கோவின் சமய விழாக்களைப் படம்பிடிக்கச் சென்ற கலைஞர்களின் வரிசை நீண்டது. 1930ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு சென்ற சோவியத் நெறியாளர் ஐசன்ஸ்ரைன், இறந்தோர் நாள் விழாவைத் தமது திரைப்படத்தின் முடிவுரையாக அமைக்கத் திட்டமிட்டார். அப்படத்தைத் தம் கையால் நிறைவுசெய்யும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவரைத் தொடர்ந்து அமெரிக்கரான போல் ஸ்ராண்ட் 1932 இற் சென்றார். இத்தகையோரின் ஆக்கங்களைப் பற்றி எழுதுவோர் ஒளி, நிழல், அமைப்பு என்பவற்றோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். விழாவை நடத்துபவன் யார், படம்பிடிப்பவன் அவனுக்கு என்ன உறவு என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவை முன்வைத்து ஸ்ராண்டின் படங்களையும், மெக்சிக்கோவிலே பிறந்த கிராசியேலா இத்துர்பிதேயின் படங்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூலப் பிரதிகளையன்றி அச்சிடப்பட்டவற்றையே யான் பார்த்தேன் என்பதையும் முதலிற் சொல்லிவிட வேண்டும்.

ஸ்ராண்டின் மெக்சிக்கோப் படங்களுள் இருபது, 1940 இல் ஒரு தொகுதியாக வெளிவந்தன. 1967 இல் அது மீளப் பதிப்பிக்கப்பட்டபோது ஓவியர் சிக்கேரோஸ் அதற்கு முன்னுரை எழுதினார். தொகுதியைப் புரட்டுபவரை முதலிலே தடுத்து நிறுத்துவன தேவாலயச் சொரூபங்களே. வெசோத்லாவின் முள்முடி தரித்த கிறிஸ்து, வஹாக்கா மாநிலத்துச் சான் பெலிப்பேயின் கன்னி மரியாள் ஆகியவை மரமும் துணியும் என்பதை மறந்துவிடுகிறோம். இச்சொரூபங்களுக்கு அருகே, சுவரோரம் குந்தியிருக்கும் பெண்களும் தொப்பியணிந்து நிற்கும் ஆடவரும் வைக்கப்பட்டுள்ளனர். சொரூபத்தின் முகத்திலுள்ள துன்பமும் மனிதரின் முகத்திலுள்ள பொறுமையும் ஒன்றையொன்று விளக்குமாறு படங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடதுசாரிச் சிந்தனையுடைய கலைஞர் ஒருவர், மக்களின் சமய நம்பிக்கையை எள்ளாமலும் அதற்கு அடிபணியாமலும் நோக்கிய முறை இது. முதல் வாசிப்பில் யான் முற்றாக ஸ்ராண்டின் பக்கமே நின்றேன்.

ஆயினும் இம்மனிதருட் பலர் தாம் படம்பிடிக்கப்படுவதை அறியார். ஸ்ராண்ட் தமது கமராவின் வில்லைக்கு முன்னால் ஓர் அரியத்தைப் பொருத்தியிருந்தார். கமரா ஒரு பக்கம் நோக்கியிருக்க, படம் மற்றொரு பக்கத்திலிருந்து விழுந்தது. இயல்பான முகத்தைப் பெறுவதற்கான உத்தி என்று இதற்கு நியாயம் கூறலாம். ஆனால் அம்முகங்களிலே நாம் காணும் ‘காலங்கடந்த பொறுமை’ எங்கிருந்து வந்தது? தன்னை ஒருவர் பார்ப்பதை அறியாதவன் அவருக்கு மறுமொழியாக முகத்தைச் சுளிக்கவோ சிரிக்கவோ இயலாது. அவனது மறுமொழியை நீக்கிவிட்டுப் பெறப்பட்ட அமைதியை அவனது பண்பாகக் கொள்வது சரியா என்ற ஐயம் எனக்கு எழுகின்றது.

இன்னொரு குறைபாடும் உண்டு. இத்தொகுதியில் விழா இல்லை. தேவாலயம் உண்டு, சொரூபம் உண்டு, வழிபடுவோர் உளர். பவனியோ வாணமோ பந்தியோ இல்லை. 1917ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பொது வழிபாட்டைத் தேவாலயச் சுவர்களுக்குள்ளே அடக்க முயன்றதும், 1926 தொடக்கம் 1929 வரை அரசுக்கும் கத்தோலிக்கக் கிளர்ச்சியாளருக்குமிடையே போர் நிகழ்ந்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கன. எவ்வாறாயினும், வழிபாடு இங்கு ஒரு மனநிலையாகக் காட்டப்படுகின்றதேயன்றி ஒரு சமூகச் செயற்பாடாகக் காட்டப்படவில்லை.

அச்செயற்பாடு எத்தகையது? மெக்சிக்கோவின் பல கிராமங்களிலே ஒவ்வொரு புனிதரின் விழாவையும் ஒருவர் பொறுப்பேற்கிறார். மெழுகுதிரி, வாத்தியம், வாணம், உணவு, மது அனைத்தும் அவர் செலவு. அவரை அங்கு ‘மயோர்தோமோ’ என்பர். எமது வழக்கிற் சொல்வதாயின் உபயகாரர். சியாப்பாஸ் மாநிலத்துச் சினாக்காந்தான் கிராமத்தில் இம்முறையை ஆராய்ந்த பிராங்க் கான்சியன், 1965 இல் தமது நூலை வெளியிட்டார். விழாச் செலவு செல்வரின் செல்வத்தைக் கரைத்து ஊரைச் சமப்படுத்துகின்றது என்பது எரிக் வூல்ஃப் முதலியோர் கருத்து. கான்சியனோ, செலவுமிக்க பதவிகளை வசதியுடையோரே ஏற்று, தமது உயர்நிலையை ஊர் ஒப்புக்கொள்ளச் செய்கின்றனர் எனக் காட்டினார். பதவிக்காகப் பெயரைப் பதிந்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தோர் இருந்தனர். அக்காத்திருப்போர் பட்டியலை எந்தப் புகைப்படம் காட்டும்? எங்கள் வீட்டுச் சுவரிலும் தலைப்பாகையுடன் உபயகாரராக நிற்கும் பாட்டனாரின் படம் ஒன்று தொங்குகின்றது. அவ்வாண்டு ஈடுவைத்த காணியைப் பற்றிப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன்.

1942 இற் பிறந்த இத்துர்பிதே, அல்வரெஸ் பிராவோவிடம் பயின்றவர். 1979 இல் ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோவின் அழைப்பில் வஹாக்காவின் ஹுச்சித்தானுக்குச் சென்றார். சப்போத்தேக் மக்கள் வாழும் அவ்வூருக்குப் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று, பெண்களோடு தங்கி, சந்தையிலும் விழாக்களிலும் கலந்துகொண்டார். அங்கு எடுத்த ‘இகுவானாக்களின் எங்கள் அன்னை’ என்னும் படம் யாவரும் அறிந்தது. விற்பதற்குக் கொண்டுவந்த உயிருள்ள இகுவானாக்களைத் தலைமீது முடிபோல் ஏந்தி நிற்கிறாள் ஒரு சந்தைக்காரி. மாதாவுக்குரிய பட்டத்தை அவளுக்குச் சூட்டியதிற் குறும்பும் மரியாதையும் ஒருங்கேயுள்ளன. அதே வேளையில் எடுக்கப்பட்ட ஏனைய படங்களில் அவள் சிரிக்கிறாள், இகுவானாக்கள் நழுவுகின்றன. அவளுக்குக் கமரா தெரியும். அந்தக் கம்பீரம் இருவரும் சேர்ந்து ஆக்கியது. இக்காரணத்தாலேயே இப்படத்தை ஸ்ராண்டின் எந்த உருவப்படத்திலும் மேலாக மதிக்கிறேன்.

இத்துர்பிதேயிடம் யான் மதிக்கும் மற்றொன்று, அவர் நிறுத்திக்கொண்ட இடம். 1970 இல் தம் ஆறு வயது மகளை இழந்த அவர், சம்மனசு போல் உடுத்தி அடக்கம் செய்யப்படும் குழந்தைகளைப் படம்பிடித்து வந்தார். தொலோரேஸ் இதால்கோவில் ஒரு குடும்பத்தின் இசைவுடன் சேமக்காலைக்குச் சென்றபோது, பறவைகள் தின்று குறையாக விட்ட ஒரு மனித உடல் வழியிற் கிடந்தது. போதும் என்று மரணமே தம்மிடம் கூறியதாக அதனைக் கொண்டு, அப்பொருளை அவர் கைவிட்டார்.

இவரும் தலைநகரத்தவரே, அவ்வூரார் அல்லர். அவர் படம் பின்னர் சுவரொட்டியாயிற்று, ஹுச்சித்தானிற் சிலையுமாயிற்று. படம் விழாவையே ஆக்கிவிடுவதும் உண்டு. 2015 இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படம் ஒன்று, மெக்சிக்கோ நகரில் இல்லாத இறந்தோர் நாள் ஊர்வலமொன்றைக் கற்பித்துக் காட்டியது. மறு ஆண்டே அந்நகரம் அத்தகைய ஊர்வலத்தை உண்மையாகவே நடத்தியது. உல்லாசப் பயணிகள் தாம் பார்த்த படத்தைத் தேடி வருகின்றனர். அப்படத்தை மறுபடியும் எடுத்துச் செல்கின்றனர்.

சினாக்காந்தானுக்கு அயலிலுள்ள சாமுலாவிற் புனித யோவான் தேவாலயத்தினுள்ளே படம்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. தரை முழுவதும் ஊசியிலைகள். அவற்றை ஒதுக்கித் தரையிலேயே மெழுகுதிரிகளை நிறுத்துவர். சொரூபங்களின் மார்பிற் கண்ணாடிகள் தொங்கும். இவ்வளவும் சென்று வந்தோர் எழுதிவைத்தவை. இத்தடையைப் பழமைவாதம் என்று கூறும் நண்பர்கள் எமது பீடத்திலும் உளர். ஸ்ராண்டின் அரியத்தைப் பற்றி அறிந்த பின்னர் அவர்களோடு ஒத்துப்பேச எனக்கு வாய் வரவில்லை.