அருணாசலக் குகையில் ஒரு கிறிஸ்தவத் துறவி

திருவண்ணாமலையின் தலபுராணமே அகந்தையைப் பற்றிய கதைதான். தம்முள் பெரியவர் யார் என்று வழக்காடிய பிரமனும் திருமாலும் சோதிப்பிழம்பின் முன் தோற்று நின்றதையும், திருமால் தம் தோல்வியை ஒப்புக்கொள்ள, பிரமனோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்துவந்து பழிபூண்டதையும் இவ்வூரில் அறியாதார் இல்லை. உயரப் பறந்தது பிரமனுடைய குற்றமன்று. காணாததைக் கண்டேன் என்றதே குற்றம். இறைவனைத் தேடுகிறவனையே பற்றுகிற இந்த நோயைக் கிறிஸ்தவ ஞானிகளும் நெடுங்காலமாக அறிவர். செருக்கே பாவங்களுக்கெல்லாம் தொடக்கம் என்று அகஸ்தீனார் வாதித்தார். ஆசீர்வாதப்பர் தம் சபையின் ஒழுங்கு நூலில் ஏழாம் அதிகாரத்தைத் தாழ்மைக்கென ஒதுக்கி, அதைப் பன்னிரண்டு படிகளாக வகுத்துவைத்தார்.

அந்தப் படிகளில் 19 ஆண்டுகள் ஏறிப் பழகிய ஒரு பிரெஞ்சுத் துறவி, 1949 ஜனவரியில், ரமண மகரிஷியைத் தரிசிக்க இவ்வூருக்கு வந்தார். பிரிட்டனி கடற்கரையில் 1910இல் பிறந்து, 1929இல் கெர்கொனான் மடத்தில் புகுந்த ஆன்ரி லெ ஸோ என்பவர் அவர். பிற்காலத்தில் அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்றார். உடன் வந்தவர், பத்தாண்டுகளாகத் தமிழகத்தில் தொண்டாற்றிவந்த பாதிரியார் ஜூல் மோன்ஷானின். பாரதத்தின் ஞானம் கிறிஸ்துவில்தான் நிறைவுபெற வேண்டும் என்பது இருவருடைய நம்பிக்கை. அது உண்மையான அன்பிலிருந்து எழுந்த நம்பிக்கையே எனினும், பிறர் வீட்டு விளக்கில் எண்ணெய் போதாது என்று வாசலிலேயே தீர்மானித்துக்கொண்டு நுழைகிறவனுடைய மிடுக்கு அதில் இல்லாமற் போகவில்லை.

முதல் தரிசனம் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. புனிதர்களின் தலையைச் சூழ்ந்திருக்கும் ஒளிவட்டத்தைத் தேடியவர், தம் சொந்தப் பாட்டனாரை நினைவூட்டுகிற ஒரு முதியவரையும், அவரைச் சுற்றி நடந்த உபசாரங்களையுமே கண்டார். ஆசிரமத்தில் தங்கியிருந்த எதெல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி அவரிடம், நீங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்திருக்கிறீர்கள், அறிந்துவிட வேண்டும், விளங்கிக்கொண்டுவிட வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள் என்ற பொருள்படக் கடிந்துரைத்தார். தாழ்மையின் பன்னிரண்டு படிகளையும் மனப்பாடமாய் அறிந்தவருக்கு அந்தத் தாழ்மையே ஒரு மூட்டையாகியிருக்கலாம் என்பதை உணர்த்த, குருமாரோ ஆயரோ அன்றி வழியில் எதிர்ப்பட்ட ஒரு பெண்மணி வேண்டியிருந்தது. பின்னர்க் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில்தான், வேத பாராயணத்தின் ஒலியும் மகரிஷியின் முகமும் அவருடைய அறிவின் காவலைக் கடந்து உள்ளே புகுந்தன என்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

1950 ஏப்ரல் 14 அன்று மகரிஷி சமாதியடைந்தார். அதற்குச் சற்று முன்னரே குளித்தலை அருகே காவிரிக்கரையில் சச்சிதானந்த ஆசிரமம், அதாவது சாந்திவனம், இவ்விருவராலும் தொடங்கப்பெற்றிருந்தது. ஆயினும் 1952 முதல் சில ஆண்டுகள் லெ ஸோவின் உள்ளம் அருணாசலக் குகைகளிலேயே குடிகொண்டிருந்தது. காவியுடுத்து, மௌனம் பூண்டு, 'நான் யார்' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு கத்தோலிக்கக் குருவானவர் பாறையிடுக்கில் அமர்ந்த அந்தச் சாதனையின் குணமும் குற்றமும் இன்றும் நிதானமாக எடைபோடத் தக்கவை.

குணத்தை முதலில் சொல்வது நியாயம். நம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் நடக்கும் பிரார்த்தனைகளில் பெரும்பகுதி, உலகை ஆளுகிற கடவுளை நம் வீட்டுக் காரியஸ்தராக நியமிப்பதே. பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், வழக்கில் தீர்ப்பு என்று நீளும் விண்ணப்பப் பட்டியலில் 'நான்' என்பதே தெய்வத்தினும் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேளாங்கண்ணியில் வெள்ளி உருவங்களைக் காணிக்கையாக்கும் பக்தரை நான் இகழவில்லை, ஆனால் அங்கே மையத்தில் நிற்பது யார் என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. போதகரின் பிரசங்கமும் பலவேளைகளில் இதற்கு மருந்தாவதில்லை. நான் பாவி, நான் புழு என்று ஓயாமல் சொல்லிக்கொள்பவனும் ஓயாமல் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். ரமணருடைய விசாரமோ அகந்தையைத் திட்டுவதுமில்லை, திருத்துவதுமில்லை. தாழ்மையுள்ளவன் என்று சொல்லிக்கொள்கிற அவன் யார் என்று அடியையே தோண்டுகிறது. முட்செடியினின்று மோசேக்கு இறைவன் அறிவித்த பெயர் 'இருக்கிறேன்' என்பதையன்றி வேறில்லை என்று மகரிஷி விவிலியத்தையே சுட்டிப் பேசியதுண்டு. இந்த அகழ்வினால் லெ ஸோவுக்குக் கிடைத்த பெரும்பேறு, பிறர் சமயத்தை நிறைவுசெய்ய வந்த ஆசான் என்ற உயர்வெண்ணம் கழன்றதே ஆகும்.

இனிக் குற்றம். இரண்டற்றதில் கரைந்தபின் யாரை நோக்கிப் பிதாவே என்று அழைப்பது? இந்தக் கேள்வியே மோன்ஷானினைக் கலங்கவைத்தது. 1957இல் பாரிஸில் இறக்கும் வரையில், அத்வைதமும் திரித்துவமும் இணங்கும் என்பதில் அவருக்கு ஐயம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ அறிஞர் ஏ. ஜே. அப்பாசாமி, இதற்கு வெகுமுன்பே, 1927இல், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியபோது சங்கரரை விட்டு இராமானுஜரின் பக்கம் சாய்ந்தார். அன்பு என்றால் அன்புசெய்ய இருவர் வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். கரைந்துவிட்டேன் என்பவன் உண்மையில் கரைந்தானா, அல்லது 'நானே அது' என்ற பீடத்தின்மேல் பழைய அகந்தையைப் புதுக்கோலத்தில் ஏற்றிவைத்தானா என்பதைச் சோதிக்க எதிரே ஒருவர் வேண்டாமா? லெ ஸோ இந்த இடரை மறைக்கவில்லை. அவர் மறைந்தபின் வெளிவந்த நாட்குறிப்புகள், இரண்டு சத்தியங்களுக்கிடையே பல்லாண்டுகள் தவித்த ஒரு மனத்தின் பதிவுகளாகவே உள்ளன. அவசரப்பட்டு ஒரு சமரசத் தத்துவம் புனைந்து தப்பித்துக்கொள்ளாத அந்தத் தவிப்பை அவருடைய நூல்களினும் உயர்வாக நான் மதிக்கிறேன்.

ஆனால் எனக்கு இதனினும் பெரிதாகப்படும் குறை வேறு. அகந்தையைக் கரைப்பது, கரைப்பதற்கு அகந்தை இருப்பவனுக்குத்தான் சாதனை. குகைக்கு வெளியே, வடஆர்க்காட்டுச் சேரிகளில், திருமுழுக்குப் பெற்ற குடும்பங்கள் பல, நீயும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்ற ஒரு சொல்லைக் கேட்டுத்தான் முதன்முறையாகத் தலைநிமிர்ந்தன. அவர்களுடைய 'நான்' ஊரார் காலடியில் ஏற்கெனவே நசுங்கிக் கிடந்தது. திருச்சபையும் அவர்களை முழுதும் நிமிரவிடவில்லை: நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்தில் சாதிக்கு ஒரு கூடமாக இரண்டு வகுத்து, நடுவே சுவர் நிறுத்தினார்கள், அச்சுவர் விழ 1910 ஆயிற்று. சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவனிடம் போய் உன்னை இழந்துவிடு என்று உபதேசிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு ஏகாதசியின் மகிமையைச் சொல்வதற்கு ஒப்பாகும். மனிதன் மண் என்பதும் அவன் இறைவனின் சாயல் என்பதும் விவிலியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன; எவனுக்கு எதைச் சொல்வது என்பதில்தான் உபதேசியின் விவேகம் இருக்கிறது. லெ ஸோ தம் உபநிடத வாசிப்பில் பிராமண ஞானத்தையே பாரதத்தின் ஞானமாகக் கொண்டார். சேரியிலிருந்து எழும் கேள்வி அவருடைய முக்கிய நூல்களின் மையத்தில் இல்லை. 1981இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் தொடங்கிவைத்த விவாதம்தான் பின்னர்த் தலித் இறையியலாக வளர்ந்து, அதைக் கல்விக்கூடங்களில் உரக்கக் கேட்டது.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். 1968இல் சாந்திவனத்தை விட்டு இமயத்துக்குப் போய்விட்ட லெ ஸோ, 1973 ஜூலையில் ரிஷிகேசத்தின் தெருவில் மாரடைப்பால் வீழ்ந்தார். குருப்பட்டமோ, காவியோ, குகையின் பெருமையோ அங்கே துணைக்கு வரவில்லை. தெருவில் கிடந்த ஒரு கிழவர், அவ்வளவே. அந்தக் கிடப்பையே தம் வாழ்வின் பெரும்பேறு என்று அவர் நண்பர்களுக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 7 அன்று இந்தூரில் காலமானார். பல்லாண்டுத் தவம் கொடாததை ஒரு தெருவோரம் கொடுத்தது என்று அவரே சொல்லும்போது, சேரியிலிருந்து எழுந்த ஆட்சேபத்துக்கு அது பாதி விடையாகவும் பாதி வலுவாகவும் எனக்குப் படுகிறது: தெருவில் விழுந்தவரைத் தூக்க ஆள் வந்தது, பிறந்ததிலிருந்தே தெருவில் கிடப்பவனை யாரும் ஞானி என்று அழைப்பதில்லை.