எதிர்க்குத்துக்கு எத்தனை சுற்று வேண்டும்?

2021 ஜூலை 22 அன்று பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ இணையத்தில் வெளியானபோது, தமிழ் வீடுகளில் கதாநாயகனுக்குச் சமமாகப் பேசப்பட்டவர் டான்சிங் ரோஸ். கைகளைத் தொங்கவிட்டு, கால்களால் தாளம் போட்டு, வருகிற குத்தையெல்லாம் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, எதிராளி நிலைதவறும் நொடியில் அடிக்கிற ஆள். சபீர் கல்லரக்கல் அந்த வேடத்தில் ஆடிய ஆட்டம், குத்துச்சண்டையை முன்பின் பார்த்திராதவர்களுக்கும் எதிர்க்குத்தின் அழகைக் காட்டிவிட்டது.

சரியாக ஒன்பது நாள் கழித்து, ஜூலை 31 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் மேடையில் நிஜமான எதிர்க்குத்துக்காரர் ஒருவர் ஏறினார். ஹரியானாவைச் சேர்ந்த அமித் பங்கால், 52 கிலோ பிரிவில் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த இடக்கைக்காரர். முதல் சுற்று அவருடையது. அதன்பின் கொலம்பியாவின் யுபெர்ஜென் மார்டினெஸ் மூச்சு விடாமல் குத்தத் தொடங்கினார். ஒன்றுக்கு விலகினால் அடுத்த மூன்று வந்து நிற்கின்றன. பதில் சொல்ல இடைவெளியே கிடைக்கவில்லை. முடிவு 4-1, மார்டினெஸ் பக்கம்.

இதை வெறும் தோல்வியாகப் பார்க்க முடியாதபடி ஒரு பின்கதை இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கின் 49 கிலோ இறுதிப் போட்டியில் இதே மார்டினெஸ் உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவிடம் தோற்றிருந்தார். துஸ்மதோவும் இடக்கைக்காரர், எதிர்க்குத்தில் கைதேர்ந்தவர். அந்த ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கிண்ணமும் அவருக்கே கிடைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் அந்தத் துஸ்மதோவைப் பங்கால் 3-2 என்று வென்றார். ஆக, துஸ்மதோவ் மார்டினெஸை வென்றார், பங்கால் துஸ்மதோவை வென்றார், மார்டினெஸ் பங்காலை வென்றார். ஒரே கலை ஒருவரிடம் மார்டினெஸை அடக்கியது, இன்னொருவரிடம் அவருக்கு முன்னால் திணறியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு கேள்வி.

குத்து ஏன் எதிர்க்குத்தாகும்போது கனக்கிறது என்பதற்கு விளக்கம் எளியது. குத்த வருகிறவன் தன் உடல் எடையை முன்னால் எறிகிறான். கை நீண்டுவிடுவதால் முகத்தின் ஒரு பக்கம் காவலில்லாமல் திறக்கிறது. அவன் வரும் வேகமும் இவன் குத்தின் வேகமும் ஒன்றுசேர்கின்றன. அதோடு, அடிப்பதில் கவனமாக இருப்பவன் அடி வாங்கத் தயாராக இருப்பதில்லை. கழுத்துத் தசை இறுகாத நேரத்தில் விழுகிற குத்து மூளையை அதிகம் குலுக்கும். வலிமை குறைந்தவன் வலியவனை வீழ்த்த இதைவிட நல்ல வழி குத்துச்சண்டையில் இல்லை.

ஆனால் விலகுவது வேறு, விலகி அடிப்பது வேறு. திருகோணமலையின் கப்பல்துறை, சீனக்குடாப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்ல 1942 ஏப்ரல் 9 போதும். ஜப்பானிய விமானங்கள் வரப்போகின்றன என்ற எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்ததால் அங்குள்ள துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸும் போயிற்று. அடி விழப்போகும் இடத்திலிருந்து அது விலகிவிட்டது, ஆனால் திருப்பி அடிக்க அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மரணங்களை விளையாட்டோடு ஒப்பிட மனம் கூசுகிறது. என்றாலும், கையில் பதில் இல்லாத விலகலுக்கு எதிராளி பயப்படமாட்டான் என்பதை இந்தக் கரைக்காரர்கள் அறிவார்கள்.

பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களில் தலைசிறந்தவர் மெக்சிகோவின் ஜுவான் மனுவேல் மார்க்கெஸ். ஃபிளாய்ட் மேவெதர் 50 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர்; தோளை உருட்டிக் குத்தை வழுக்கவிட்டு வலக்கையால் பதில் சொல்லும் அவர் நேர்த்தியைக் குறைத்துச் சொல்ல முடியாது. இருந்தும் மார்க்கெஸைத்தான் முதலில் வைக்க வேண்டும். 2004இல் மானி பக்கியாவோவிடம் முதல் சுற்றிலேயே மூன்று முறை கீழே விழுந்தார். எழுந்து, அந்த மனிதரின் வேகத்தைச் சுற்றுக்குச் சுற்று படித்து, போட்டியைச் சமனில் முடித்தார். 2008இலும் 2011இலும் நடுவர்களின் முடிவில் தோல்வி. 2012 டிசம்பர் 8, லாஸ் வேகஸ்: ஆறாவது சுற்று முடிய ஒரு நொடியே இருக்கையில் பக்கியாவோ பாய்ந்து வந்தார். மார்க்கெஸின் வலக்கை அங்கே ஏற்கெனவே காத்திருந்தது. பக்கியாவோ முகங்குப்புற விழுந்தார், நெடுநேரம் அசையவில்லை.

அந்த ஒரு குத்துக்கு நான்கு போட்டிகளிலுமாக 42 சுற்றுகள் தேவைப்பட்டன. எதிர்க்குத்தின் பலமும் பலவீனமும் ஒருசேர இந்தக் கணக்கில் இருக்கின்றன. அது எதிராளியைப் படிக்கும் கலை. படிக்க நேரம் வேண்டும். பங்காலுக்கு டோக்கியோவில் கிடைத்தவை மூன்று சுற்றுகள், ஒன்பது நிமிடங்கள்.

நேரம் கிடைத்தாலும் நடுவர்களின் கண் இன்னொரு தடை. 1993 செப்டம்பரில் சான் அந்தோனியோவில் பெர்னல் விட்டேகர், 87 போட்டிகளில் தோல்வியே காணாத ஹூலியோ சீசர் சாவெஸைச் சுற்றிச் சுற்றி ஏமாற்றினார். பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேகர் வென்றார் என்றே நினைத்தார்கள். இரு நடுவர்கள் 115-115 என்று போட, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. முன்னேறி வருகிறவன் ஆதிக்கம் செலுத்துவதுபோல் தோன்றுவான். பின்வாங்கி அடிக்கிறவன் ஓடுவதுபோல் தோன்றுவான். இந்தத் தோற்றத்தை வெல்ல எதிர்க்குத்துக்காரர் மற்றவரைவிடத் தெளிவாக அடித்தாக வேண்டும். இது அநீதிதான்.

அமெச்சூர் போட்டிகளில் விதியே இதை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. 1988 சோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸுக்கு நேர்ந்த அநியாயத் தீர்ப்புக்குப் பின், 1992 பார்சிலோனாவில் கணினிப் புள்ளிமுறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. அடுக்கடுக்காக வரும் குத்துகளை எண்ணுவது கடினம், தனியாகத் தெறிக்கும் ஒரு குத்து எல்லோர் கண்ணிலும் படும். காத்திருந்து அடிப்பவர்களுக்கு அது பொற்காலம். புள்ளி முன்னிலை கிடைத்ததும் ஒதுங்கி நிற்கிற சலிப்பான ஆட்டங்களும் அப்போதுதான் பெருகின. 2013இல் சுற்றுக்கு 10 புள்ளி என்ற தொழில்முறைப் பாணி வந்தது. மார்டினெஸின் மழைக்கு டோக்கியோவில் மதிப்புக் கிடைத்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

இன்னொரு குறை மேக்ஸ் ஷ்மெலிங்கின் கதையில் தெரியும். ஜோ லூயிஸ் இடக்கையால் ஜாப் அடித்துவிட்டு அந்தக் கையைத் தாழ்வாக இழுத்துக்கொள்கிறார் என்பதை ஷ்மெலிங் கண்டுபிடித்தார். 1936 ஜூனில் அந்த இடைவெளிக்குள் வலக்கையை மறுபடி மறுபடி செலுத்தி, 12ஆவது சுற்றில் லூயிஸை வீழ்த்தினார். 1938 ஜூனில் மீண்டும் சந்தித்தபோது லூயிஸ் பதில் குத்துக்கே இடம் வைக்கவில்லை. 124 நொடிகளில் எல்லாம் முடிந்தது. எதிராளியின் ஒரு தவறின்மேல் மட்டும் கட்டிய எதிர்க்குத்து, அந்தத் தவறு திருத்தப்படும்வரைதான் நிற்கும்.

அதனால்தான் கையுறை மாட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்கு டான்சிங் ரோஸை முன்மாதிரியாகக் காட்டுவதில் ஆபத்து இருக்கிறது. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ அவர்கள் மூன்று சுற்றுகளுக்குள் வென்றாக வேண்டியவர்கள். கையைத் தொங்கவிட்டுத் தப்புவது கண் கூர்மையாக இருக்கும் நாட்களில் பலிக்கும்; பலிக்காத நாளில் தலை விலை கொடுக்கும். முதலில் ஜாப், பிறகு கால், அதன்பின் காவல், எல்லாம் உடம்பில் ஊறியபின் எதிர்க்குத்து என்ற வரிசையே சரி. அதிலும் முதற்பாடம், போக்குக் காட்டுவது. எதிராளி அடிக்கட்டும் என்று நிற்கிறவன் அவன் தயவில் நிற்கிறான். தோளை ஓர் அங்குலம் அசைத்து, அரை அடி உள்ளே வைத்து, தான் விரும்பிய குத்தை அவனிடமிருந்து வரவழைக்கிறவனுக்கு மூன்று சுற்றும் போதும்.

துஸ்மதோவைப் பார்த்தால் இது புரியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 31 வயதில், 51 கிலோ இறுதிப் போட்டிக்காக ரோலான் கரோஸ் அரங்கில் ஏறினார். எதிரே பிரான்சின் பிலால் பெனமா. அரங்கம் முழுக்கப் பெனமாவின் ஆட்கள். உள்ளே ஓர் அடி வைத்து அவரை அடிக்கத் தூண்டுவதும், விலகுவதும், இடக்கையால் பதில் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவதுமாக அந்த உஸ்பெக்கியர் தன் வேலையைச் செய்தார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு இரண்டாவது ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.