சிப் சின்னது சரி, சாம்பிள்?

கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்களைப் பற்றிய கட்டுரைகளில் 'ஒரு சொட்டு ரத்தம் போதும்' என்ற பெருமை அடிக்கடி வருது. எனக்கு அங்கேதான் இடிக்குது.

ரத்தத்தில் தொற்று பரவிய பெரியவர்களுக்கு, 1 மில்லிலிட்டரில் 10 பாக்டீரியாகூட இல்லாமல் இருப்பது சகஜம். பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு சுமார் 50 மைக்ரோலிட்டர். சராசரிக் கணக்கில் அதில் அரைக் கிருமி! அதாவது, பத்துக்கு ஆறு சொட்டில் ஒண்ணுகூட இருக்காது. உள்ளே இல்லாததை எந்த பிசிஆர் பெருக்கிக் காட்டும்? 'நெகட்டிவ்'னு ரிசல்ட் வரும். நோய் அப்படியே இருக்கும்.

2010-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த காசநோய்ச் சோதனையான ஜீன்எக்ஸ்பர்ட் இதில் கெட்டி. நீர்க்கவைத்த சளியை மில்லிலிட்டர் கணக்கில் வாங்கி, கிருமிகளை வடிகட்டிப் பிடித்து, மீயொலியால் உடைத்து, அப்புறம்தான் டிஎன்ஏவைப் பெருக்குது.

சிப் எவ்வளவு சின்னதுன்னு பார்க்காதீங்க. எவ்வளவு சாம்பிளைச் சலிக்குதுன்னு பாருங்க.