நம்பிக்கையின் பேரில் ஒரு பார்ட்னர்ஷிப்

திருப்பூரில் தையல் யூனிட் ஆகட்டும், கோவையில் லேத் பட்டறை ஆகட்டும், இரண்டு பேர் கைகோத்துத் தொழில் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வருவது பார்ட்னர்ஷிப்தான். ஆடிட்டர் அலுவலகத்தில் நிறுவனத்தின் பெயர், இருவரின் ஆதார், லாப விகிதம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேட்பார்கள். முன்பு யாருக்கோ எழுதிய பத்திரத்தில் பெயர்களை மட்டும் மாற்றி முத்திரைத்தாளில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்தப் பத்திரத்தை வைத்து பான் கார்டு, ஜிஎஸ்டி எண், கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் வந்துவிடும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்வது மட்டும், கட்டாயமில்லை என்பதால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நின்றுவிடும்.

இந்த வழக்கத்தைப் பழமை என்று ஒதுக்குபவர்கள் பிரைவேட் லிமிடெட் கம்பெனியைக் கைகாட்டுகிறார்கள். தொழிலில் ஊறியவர்களோ, "கம்பெனி வெச்சா ஆடிட்டருக்குத்தான் சம்பாதிக்கணும்" என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்த வடிவமானாலும் அதைத் தொடங்கும் நாளின் செலவை வைத்தே முடிவு செய்கிறோம் என்பதுதான் அடிப்படைக் கோளாறு. பாக்கி வராமல் போகும் நாள், கூட்டாளி விலகும் நாள், கூட்டாளி இறக்கும் நாள் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் ஒரு வடிவத்தின் தரம் தெரியும்.

முதலில் பார்ட்னர்ஷிப்பின் நிறைகள். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தலையீடு குறைந்த சட்டம். யார் எவ்வளவு போடுவது, யார் உழைப்பது, லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் கூட்டாளிகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. பணம் ஒருவருடையது, கைத்திறன் இன்னொருவருடையது என்று சேரும் நம் ஊர்த் தொழில்களுக்கு இந்த நெகிழ்வு பொருந்துகிறது. கணக்கு விவரங்களை ஊர் பார்க்கப் பதிவேற்ற வேண்டியதில்லை. மகள் கல்யாணத்துக்கு நிறுவனத்திலிருந்து பணம் எடுத்தால் அது எடுத்தவரின் மூலதனக் கணக்கில் பற்றாக ஏறும், அவ்வளவுதான். அதே பணத்தைக் கம்பெனியிலிருந்து எடுத்தால் இயக்குநருக்குக் கொடுத்த கடனா, டிவிடெண்டா என்று கம்பெனிச் சட்டமும் வருமான வரிச் சட்டமும் சேர்ந்து கேள்வி கேட்கும்.

வரியிலும் பார்ட்னர்ஷிப் மோசமில்லை. லாபத்துக்கு 30 சதவீதம் என்பது, 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனியோடு ஒப்பிட்டால் அதிகமாகத் தெரியும். ஆனால் வரி கட்டியபின் கூட்டாளி கைக்கு வரும் லாபப் பங்குக்கு மறுபடி வரி கிடையாது. கம்பெனி லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால், 2020-க்குப் பிறகு, எடுப்பவர் கையில் இன்னொரு முறை வரி விழுகிறது. லாபத்தைத் தொழிலிலேயே விட்டு வைப்பவருக்குக் கம்பெனி லாபம். வீட்டுச் செலவுக்கு எடுப்பவருக்குக் கணக்கு வேறு.

நம்பிக்கையின் பேரில் தொழில் செய்வது நமக்குப் புதிதும் அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கடைகள், முதலெழுத்துகளைக் கோத்த விலாசத்தின் பேரில் கடல் தாண்டி வரவு செலவு செய்தன. ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு காவல் இருந்தது. வாக்குத் தவறியவருக்குச் சொந்த ஊரில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் முடியாத நிலை வரலாம். கணக்கு வழக்கைப் பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்தார்கள். இன்று கூட்டுச் சேர்பவர்கள் கல்லூரித் தோழர்கள், ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள், ஹாஸ்டல் நண்பர்கள். அன்றைய நம்பிக்கையை எடுத்துக்கொண்டோம், அதைக் காத்த ஏற்பாட்டை விட்டுவிட்டோம். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பத்திரமும் பதிவும்தான்.

பதிவு இல்லாததன் விலை கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு யூனிட் 18 லட்சம் ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தது, வாங்கியவர் பணம் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: "ஃபர்ம் ரிஜிஸ்டர் ஆகியிருக்கா?" ஆகவில்லை என்றால், ஒப்பந்தத்தின் அடிப்படையில் அந்தப் பணத்தைக் கேட்டு நிறுவனம் வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்டுவிட்டு நடுவில் பதிவு செய்தாலும் அந்த வழக்கு நிற்காது. பதிவு செய்தபின், மூன்று ஆண்டுக் காலவரம்புக்குள், புதிதாகப் போட வேண்டும். தடை ஒருவழிப் பாதை என்பதுதான் இதில் கொடுமை. நூல் கொடுத்தவர், சாயப்பட்டறைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் அதே நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாம். கூட்டாளிகளுக்குள் தகராறு வந்தாலும் நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்கத்தான் வழி உண்டு. நிறுவனத்தை நடத்திக்கொண்டே உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஒரு விண்ணப்பமும் சிறு கட்டணமும் செலுத்தாததற்கு இவ்வளவு பெரிய தண்டனை தேவையா என்று சட்டத்தையும் கேட்க வேண்டும். பதிவைக் கட்டாயமாக்காமல், தவறியவர் பணத்தை இழக்கட்டும் என்று விடும் இந்த ஏற்பாடு, விவரம் தெரியாத சிறு தொழில்முனைவோரையே அடிக்கிறது.

பொறுப்புக்கு எல்லை இல்லாதது இரண்டாவது குறை. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுமையாகப் பொறுப்பு. லாபத்தில் 10 சதவீதம் பெறுபவரிடமே மொத்தக் கடனையும் வசூலிக்கக் கடன்காரருக்கு உரிமை உண்டு. ஒரு கூட்டாளி தொழிலின் வழக்கமான போக்கில் கடனுக்குச் சரக்கு எடுத்தால் மற்றவருக்குத் தெரியாவிட்டாலும் அது அவரையும் கட்டும். இங்கே என்னை மிகவும் உறுத்துவது, பெயருக்கு மனைவியையோ அம்மாவையோ கூட்டாளியாகச் சேர்க்கும் பழக்கம். கணக்குப் புத்தகத்தையே பார்த்திராத அந்தப் பெண்ணின் நகையும், தாய்வீடு கொடுத்த மனையும் அந்த ஒரு கையெழுத்தால் தொழில் கடனுக்குப் பொறுப்பாகிவிடுகின்றன. இதை அவருக்கு விளக்கிச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது குடும்பத்துக்குள் நடக்கும் அநீதி.

மூன்றாவது, மரணம். பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைகிறது. "மரணத்தால் நிறுவனம் கலையாது, வாரிசு கூட்டாளியாகச் சேர்வார்" என்ற வரி அச்சுப் பத்திரங்களில் இருக்கும். எல்லாரும் அதை நம்பியிருக்கிறார்கள். ஆனால் இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்தில் அந்த வரி காப்பாற்றாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாக்கியது. ஒருவர் இறந்தபின் மிஞ்சுவது ஒரே ஆள். ஒரே ஆளோடு கூட்டு இருக்க முடியாது. வாரிசு சேர வேண்டுமானால் அது புது ஒப்பந்தம், புது நிறுவனம். பான் எண் மாறினால் ஜிஎஸ்டி பதிவும் புதிதாக எடுக்க வேண்டும். துக்க வீட்டில் காரியம் முடிவதற்குள் வங்கியில் செக் நிற்கும், தொழிலாளர் சம்பளம் நிற்கும். நம் பார்ட்னர்ஷிப்களில் இருவர் நிறுவனங்கள் ஏராளம் என்பதால், இது ஏட்டுச் சட்டம் என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் அல்ல.

அப்படியானால் பிரைவேட் லிமிடெட்டுக்கே போய்விடலாமா? ஆரோன் சாலமன் என்ற லண்டன் காலணி உற்பத்தியாளரின் வழக்கில் 1897-இல் வந்த தீர்ப்பு, கம்பெனி வேறு, முதலாளி வேறு என்பதை நிலைநாட்டியது. கம்பெனியின் கடன் முதலாளியின் சொந்தச் சொத்தைத் தொடாது என்ற அந்தப் பாதுகாப்பு உண்மையானது. ஆனால் வங்கி மேலாளரின் மேசையில் அதன் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கம்பெனிக்குக் கடன் கேட்டால் இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும், பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்கிறார்கள். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி அடமானச் சொத்தை வழக்குப் போடாமலே வங்கி கையகப்படுத்தலாம். உத்தரவாதம் கொடுத்தவர் மீதே திவால் நடவடிக்கை எடுக்கவும் 2019 டிசம்பர் முதல் வழி உண்டு. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆக, வரையறுத்த பொறுப்பு வங்கியிடம் காப்பதைவிடச் சரக்குக் கடன் கொடுத்தவரிடமும், நஷ்டஈடு கேட்பவரிடமும்தான் அதிகம் காக்கிறது. உங்கள் கடன்காரர் யார் என்று பார்க்காமல் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது அரைகுறைக் கணக்கு.

பராமரிப்புச் செலவும் உண்டு. ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை, ஆண்டறிக்கை, படிவங்கள் கட்டாயம். 2017-இல் மத்திய அரசு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. ஏராளமான இயக்குநர்கள் தகுதி இழந்தனர். போலிக் கம்பெனிகளோடு, ஆசைப்பட்டுத் தொடங்கி அப்படியே விட்ட சாதாரண மனிதர்களும் அதில் சிக்கினார்கள். ஆளுக்குப் பாதிப் பங்கு வைத்த இருவர் முட்டிக்கொண்டால், பார்ட்னர்ஷிப்பில் ஒரு நோட்டீஸில் கலைப்பதுபோல் கம்பெனியில் கலைக்க முடியாது; தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரை போக வேண்டிவரும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை. உள் ஏற்பாட்டில் பார்ட்னர்ஷிப்பின் நெகிழ்வு. வெளியாரிடம் தனிச் சட்ட நபர் என்ற அந்தஸ்து. ஒரு கூட்டாளியின் தவறுக்கு மற்றவர் தன் சொத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருவர் இறந்து ஒருவரே மிஞ்சினாலும் இன்னொருவரைச் சேர்க்க ஆறு மாத அவகாசம் உண்டு. மேலே சொன்ன மரணச் சிக்கலுக்கு இதுவே நேரடி விடை. விற்றுமுதல் 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை இச்சட்டத்தின் கீழ் தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு படிவங்களைத் தவறவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். பங்கு வெளியிட முடியாததால் முதலீட்டாளர்கள் இதை நாடுவதில்லை. பழைய பார்ட்னர்ஷிப்பை எல்எல்பியாக மாற்றினாலும், மாற்றத்துக்கு முந்தைய கடனுக்குக் கூட்டாளிகளின் சொந்தப் பொறுப்பு தொடரும். கடன் முற்றியபின் வடிவம் மாற்றித் தப்பிக்க முடியாது.

இவற்றை எடைபோட்டால் என் முடிவு இதுதான். கடன் குறைவாக, ரொக்கத்துக்கு நடக்கும் கடை, சிறு ஜாப் ஒர்க் போன்றவற்றுக்குப் பதிவு செய்த பார்ட்னர்ஷிப் இன்றும் தகுந்த வடிவம். பெரும் சரக்குக் கடனும் விபத்து அபாயமும் உள்ள தொழிலுக்கு எல்எல்பியோ கம்பெனியோ வேண்டும். பட்டாசு, ரசாயனம் போன்றவற்றில் ஒரே ஒரு விபத்தின் நஷ்டஈடு மொத்த மூலதனத்தையும் விழுங்கிவிடும். வெளி முதலீடு தேடுபவருக்குக் கம்பெனி தவிர வேறு வழியில்லை. பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப்புக்கு மட்டும் எந்த நிலையிலும் நியாயம் சொல்ல என்னால் முடியவில்லை.

பார்ட்னர்ஷிப்பே போதும் என்பவர்கள் பத்திரத்தில் சிலவற்றைச் சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டும். உழைக்கும் கூட்டாளிக்குச் சம்பளம் எவ்வளவு. எழுதாவிட்டால் சட்டப்படி அவருக்குச் சம்பளம் கிடையாது, லாபமும் சமபங்குதான். விலகுபவருக்கு எந்தக் கணக்குப்படி, எத்தனை தவணையில் பணம் என்பதையும் எழுத வேண்டும். விலகியதும் பதிவாளருக்கும், அரசிதழிலும், உள்ளூர் மொழி நாளிதழிலும் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் போனபின் நிறுவனம் வாங்கிய கடனும் அவரைத் துரத்தும். இருவர் நிறுவனம் என்றால் விவரம் தெரிந்து சம்மதிக்கும் மூன்றாவது கூட்டாளியை இப்போதே சேர்க்க வேண்டும். இவ்வளவையும் பேசி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். அந்தப் பேச்சைத் தாங்காத நட்பு, தொழிலையும் தாங்காது. அதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது இருவருக்கும் நல்லது.