டென்சர்ப் பகுப்பும் நிகழ்தகவும்

மூளையின் மின்னலைப் பதிவை மின்வாய், நேரம், அதிர்வெண் என்னும் மூன்று திசைகளில் அடுக்கினால் டென்சர் எனப்படும் எண்தொகுதி கிடைக்கும். அத்தகைய தொகுதியை எளிய கூறுகளின் கூட்டாகப் பகுக்கும் கருத்தை ஹிச்கொக் 1927இல் முன்வைத்தார். எத்தனை கூறுகள் வேண்டும் என்னும் வினாவோ எளிதில் தீரவில்லை. அதனைக் கணித்தல் பொதுநிலையில் மிகக் கடினமானதென ஹோஸ்டாட் 1990இல் நிறுவினார்.

சாவோ, சாங், சிஹொட்ஸ்கி ஆகியோர் 2015இல் நிகழ்தகவு வழியே இதற்கு விடை தேடினர். ஒவ்வொரு கூறுக்கும் முன்னனுமானம் ஒன்று வழங்கப்படும். தரவின் ஆதரவு பெறாத கூறு தானே சுருங்கி மறையும். சில அளவீடுகள் விடுபட்டிருப்பினும் முறை இயங்கும். விடையுடன் அதன் ஐயப்பாட்டின் அளவும் கிடைக்கும். இது மெய்யான முன்னேற்றமே.

ஆயினும், கூறுகளின் எண்ணிக்கை தன்னியக்கமாகவே துணியப்படுகின்றது என்னும் உரிமைகோரல் ஆராயத்தக்கது. ஆய்வாளரின் தெரிவு எண்ணிக்கையை விட்டு முன்னனுமானத்துள் புகுந்துள்ளது. மேலும், கணிப்பை எளிதாக்கும்பொருட்டுக் காரணிகளை ஒன்றையொன்று சாராதனவாகக் கொள்ளும் அண்ணளவாக்கம் ஐயப்பாட்டைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். வலிப்பு நோயாளி ஒருவரின் பதிவில் வலுக்குன்றிய கூறொன்று இரைச்சலெனக் கழிக்கப்படுமாயின், விடையின் உறுதியான தோற்றமே அவ்விழப்பை மறைத்துவிடும்.

தெரிவை வெளிப்படையாக எழுதவைத்தமையே இம்முறையின் சிறப்பு. முன்னனுமானத்தை மாற்றி மீளக் கணித்துப் பாராத ஆய்வு அச்சிறப்புக்கு உரிமை கோரல் இயலாது.