அதர்வைஸ் என்றால் ட்ரூ

ஹாஸ்கெல் மொழியின் அடிப்படை நூலகத்தில் ‘டேட்டா.பூல்’ என்றொரு மாட்யூல் இருக்கிறது. ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டே மதிப்புள்ள பூல் என்னும் டைப்; &&, ||, நாட், அதர்வைஸ்; கடைசியாக, அதே பூல் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன். சரக்கு இவ்வளவுதான்.

அதர்வைஸை முதலில் பாருங்கள். நிபந்தனைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, எதுவும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று கடைசி வரியில் சொல்வதற்கு இது. புதிதாகப் படிப்பவர்கள் இதைக் கீவேர்ட் என்றே நினைப்பார்கள். நூலகத்தைத் திறந்தால் ஒரே வரி: அதர்வைஸ் = ட்ரூ. மேலிருந்து சோதித்துக்கொண்டே வரும்போது கடைசியில் ட்ரூ நின்றால் அது பொருந்தித்தானே ஆகவேண்டும்! மொழிக்குப் புது விதி எதுவும் தேவைப்படவில்லை.

&& இன்னும் அழகு. இரண்டு வரி. இடப்பக்கம் ட்ரூ என்றால், வலப்பக்கம் எதுவோ அதுவே விடை. இடப்பக்கம் ஃபால்ஸ் என்றால் விடை ஃபால்ஸ். இந்த வரியில் வலப்பக்கத்துக்குப் பெயர்கூட வைக்காமல் வெறும் அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். நயமெல்லாம் அந்த அடிக்கோட்டில்தான். ‘வகுக்கும் எண் பூஜ்யமில்லை && 100-ஐ அதனால் வகுத்தால் 5-க்கு மேல்’ என்று எழுதினால், எண் பூஜ்யமாக இருக்கும்போது வகுத்தலே நடக்காது. சி மொழியில் இதை மொழியின் விதியே பார்த்துக்கொள்கிறது. அங்கே நாமே ஒரு ஃபங்ஷனாக எழுதப் போனால், உள்ளே நுழையுமுன்பே இரண்டு பக்கமும் கணக்கிடப்பட்டுவிடும். ஹாஸ்கெல், கேட்கும்வரை எதையும் கணக்குப் போடாத சோம்பேறி. அதனால் சாதாரண ஃபங்ஷனே போதும்.

பூல் ஃபங்ஷன் 2014-இல் வந்த பதிப்பில் சேர்ந்தது. பொய்யானால் என்ன, மெய்யானால் என்ன, பிறகு நிபந்தனை என்று மூன்றை வாங்கிக்கொள்ளும். நிபந்தனை கடைசியில் இருப்பதால் அதை நிரப்பாமலே ‘மேப் (பூல் "தோல்வி" "தேர்ச்சி")’ என்று எழுதலாம். ட்ரூ, ஃபால்ஸாக இருந்த ஒரு வகுப்பின் பட்டியல் முழுக்கத் தேர்வு முடிவாகிவிடும். பொய் ஏன் முந்துகிறது? டைப் அறிவிப்பிலேயே ஃபால்ஸுக்குத்தான் முதலிடம். மேபி, ஈதர் என்ற டைப்களுக்கு இதேபோல் உள்ள ஃபங்ஷன்களும் தத்தம் டைப் அறிவிப்பின் வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. ஒழுங்கு சரிதான்; ஆனால் இஃப், தென், எல்ஸ் என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். இரண்டு விடைகளும் ஒரே டைப்பாக இருந்தாக வேண்டும் என்பதால், இடம் மாற்றி எழுதினாலும் கம்பைலர் காட்டிக்கொடுக்காது. பாஸானவன் ஃபெயிலாகிவிடுவான். மேப் போன்ற இடங்களில் பூலைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் இஃப் என்றே எழுதிவிடுங்கள்.