கோட்டை என்னலாமா?

‘சாத்தோ’ என்னும் பிரெஞ்சுச் சொல்லைக் ‘கோட்டை’ என்றே பெயர்த்தெழுதும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அச்சொல் அரண்சூழ்ந்த கோட்டையையும் குறிக்கும். நாட்டுப்புறத்துப் பெருமாளிகையையும் குறிக்கும். இவ்விரண்டையும் ஒரே கோலால் அளக்கப் புகுந்தால் மதிப்பீடு பிழைபடும். பிரான்சு நாட்டில், செர் ஆற்றின்மீது நிற்கும் செனொன்சோ மாளிகை இதற்குத் தக்க சான்று.

அவ்விடத்தில் முன்பு இருந்தது கோட்டைதான். அரசனின் நிதி அதிகாரியான தோமா போயே என்பார் அதனை வாங்கி, காவற்கோபுரம் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை இடித்துத் தள்ளினார். ஆற்றினுள் இருந்த பழைய மாவாலையின் அடித்தளத்தின்மேல் 1513 முதல் 1521 வரை புதுமனை எழுந்தது. போயே பெரும்பாலும் இத்தாலியப் போர்களில் ஈடுபட்டிருந்தமையால், கட்டட வேலையை முன்னின்று நடத்தியவர் அவர் துணைவியார் கேத்தரீன் பிரிசோனே ஆவார். கோபுரத்துள் சுழன்றேறும் படிக்கட்டே அக்காலத்துப் பிரெஞ்சு வழக்கம். இங்கோ வீட்டினுள்ளேயே நேர்ப்படிக்கட்டு அமைந்தது. நடுவே கூடம், இருமருங்கும் அறைகள், ஆற்றை நோக்கிய சாளரங்கள் என எல்லாம் வாழ்வோர் வசதி கருதியவை. மூலைகளிலுள்ள சிறு கோபுரங்களோ அழகுக்கானவை.

1535-இல் மாளிகை அரசுடைமையாயிற்று. 1547-இல் மன்னர் இரண்டாம் ஆன்றி அதனைத் தம் காதலி தியான் தெ புவாத்தியேவுக்கு அளித்தார். அவ்வம்மையார் பிலிபேர் தெலோர்ம் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவித்தார். 1559-இல் மன்னர் இறந்ததும், அரசி கேத்தரீன் தெ மெதிசி தியானை வெளியேற்றி, பாலத்தின்மேல் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள மண்டபத்தை எழுப்பினார்.

இம்மண்டபத்தைக் குறைகூறாது விடுதல் நடுநிலை ஆகாது. அதன் மாடிச் சுமை பாலத்து வளைவுகளின் மென்மையை அமுக்குகிறது. முதன்மனையும் அதன் முன் சிறுத்துத் தோன்றுகிறது. ஆயினும், ஆற்றைக் கடந்து செல்லும் வீடு என்னும் அரிய கற்பனை முழுமை பெற்றது இம்மண்டபத்தாலேதான்.

பிற்கால வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. முதல் உலகப் போரில் இம்மண்டபம் மருத்துவமனை ஆயிற்று. 1940 முதல் 1942 வரை செர் ஆறு எல்லைக்கோடாக இருந்தது; வடகரை செர்மானியர் வசம், தென்கரை அவர்கள் நேரடியாகப் பிடிக்காத பகுதி. மண்டபத்தின் தென்கதவு வழியே பலர் தப்பிச் சென்றனர்.

கோட்டையின் பெருமை அது தடுத்து நிறுத்தியதைக் கொண்டு அளக்கப்படும். மாளிகையின் பெருமையோ அது உள்ளே வரவிட்டதைக் கொண்டு. செனொன்சோ காற்றையும் ஒளியையும் ஆற்றையும் வரவிட்டது. இன்னல் வந்த காலத்தில் மனிதருக்கும் வழிவிட்டது. ஆதலின், பாடம் நடத்தும் நண்பர்கள் இதனை ‘ஆற்று மாளிகை’ என்றே மாணவர்க்கு அறிமுகம் செய்வார்களாக. சொல் திருந்தினால் பார்வையும் திருந்தும்.